கைக்குட்டையும் காற்சிலம்பும்: ஒத்தெல்லோ கேட்கவில்லை, குற்றாலத்துச் சிங்கன் கேட்டான்!

ஒரு கைக்குட்டை. கையகலத் துணி. அது நான்கு உயிர்களைக் குடித்தது!

ஒரு காற்சிலம்பு. அதை மனைவியின் காலில் பார்த்து ஒரு கணவன் திடுக்கிட்டான். ஆனால் அங்கே ஒரு துளி இரத்தம் கூடச் சிந்தவில்லை. சிரிப்புத்தான் எழுந்தது!

முதல் கதை சைப்ரஸ் தீவில் நடப்பது. எழுதியவர் ஆங்கில நாடக மேதை ஷேக்ஸ்பியர். நாடகத்தின் பெயர் "ஒத்தெல்லோ".

இரண்டாவது கதை நம் குற்றால மலை அடியில் நடப்பது. எழுதியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். நாடகத்தின் பெயர் "குற்றாலக் குறவஞ்சி".

தென்காசியில் இருந்து குற்றாலம் 5 கிலோ மீட்டர் தூரந்தான். போகிற வழியில் இருக்கிறது மேலகரம். சாரல் காலத்தில் அருவியில் குளிக்க இந்தச் சாலை வழியே ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். உலகப் புகழ் பெற்ற சோக நாடகம் ஒன்றுக்கு, இந்த ஊர்க் கவிராயர் தமக்குத் தெரியாமலே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு நாடகங்களிலும் ஒரு கணவன் வருகிறான். இரண்டு பேர் மனத்திலும் ஒரு கலக்கம் பிறக்கிறது. ஒருவன் வீடு சுடுகாடு ஆகிறது. இன்னொருவன் வாழ்வு பாட்டும் கூத்தும் ஆகிறது.

ஏன் இந்த வேறுபாடு? முதலில் ஒத்தெல்லோவின் கதையைப் பார்ப்போம்.

கறுப்புத் தளபதி

இத்தாலி நாட்டில் வெனிஸ் என்று ஒரு நகரம். தண்ணீருக்கு நடுவே கட்டிய நகரம். அங்கே தெருவுக்குப் பதில் கால்வாய். வண்டிக்குப் பதில் படகு. வாணிபத்தால் செல்வம் கொழித்த ஊர்.

அந்த ஊர்ப் படைக்குத் தளபதி ஒத்தெல்லோ. அவன் வெனிஸ் நகரத்தான் அல்ல. "மூர்" என்று அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தவன். ஏழு வயதில் இருந்து போர்க்களமே அவன் வீடு. ஒரு முறை பகைவரிடம் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டான். பிறகு மீண்டு வந்து, வீரத்தால் தளபதி ஆனான்.

வெனிஸ் நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் பிரபான்ஷியோ. அவர் ஒத்தெல்லோவை வீட்டுக்கு அழைத்து, அவன் கண்ட போர்களைப் பற்றிக் கேட்பது வழக்கம். அவருடைய மகள் டெஸ்டிமோனா. வீட்டு வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து அந்தக் கதைகளைக் கேட்பாள். அவன் பட்ட துன்பங்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டாள். கண்ணீர் காதல் ஆயிற்று. தந்தைக்குத் தெரியாமல் இருவரும் மணம் செய்து கொண்டார்கள்.

தந்தை கொதித்தார். மந்திரம் வைத்துத் தன் மகளை மயக்கிவிட்டான் என்று சபையில் புகார் செய்தார். ஒத்தெல்லோ அமைதியாக நின்றான். தான் செய்த மந்திரம் கதை சொன்னது ஒன்றுதான் என்றான். டெஸ்டிமோனாவும் சபையில் வந்து, தன் மனம் விரும்பியே அவனை மணந்ததாகச் சொன்னாள். சபை ஏற்றுக் கொண்டது.

போகும்போது தந்தை ஒரு சொல்லை வீசிவிட்டுப் போனார். "தந்தையை ஏமாற்றியவள், உன்னையும் ஏமாற்றலாம்" என்பது அதன் பொருள். ஒத்தெல்லோ அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் பக்கத்தில் நின்ற ஒருவன் அதைக் காதில் வாங்கி, பத்திரமாக முடிந்து வைத்துக் கொண்டான். அவன்தான் இயாகோ!

நல்லவன் என்று பெயர்!

இயாகோ ஒத்தெல்லோவிடம் வேலை பார்த்தவன். படையில் கொடி ஏந்தும் பதவி. தளபதிக்கு அடுத்த பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தான். அந்தப் பதவி காசியோ என்ற இளைஞனுக்குப் போய்விட்டது. அன்று முதல் அவன் நெஞ்சில் நெருப்பு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நாடகம் முழுவதும் எல்லோரும் இயாகோவை நல்லவன், நேர்மையானவன் என்றே சொல்கிறார்கள். ஒத்தெல்லோவும் சொல்கிறான். காசியோவும் சொல்கிறான். கொட்டகையில் இருப்பவர்களுக்கு மட்டுந்தான் அவன் உள்ளம் தெரியும். ஏனென்றால், அவன் தனியாக நிற்கும் போது தன் திட்டத்தை எல்லாம் அவர்களிடம் சொல்லி விடுகிறான்.

துருக்கிக் கப்பல்கள் சைப்ரஸ் தீவைத் தாக்க வருவதாகச் செய்தி வந்தது. ஒத்தெல்லோ அங்கே அனுப்பப்பட்டான். டெஸ்டிமோனாவும் போனாள். ஆனால் போர் நடக்கவில்லை. புயல் அடித்துத் துருக்கிக் கப்பல்கள் சிதறிப் போயின. தீவு முழுவதும் கொண்டாட்டம்.

அந்த இரவே இயாகோ வேலையைத் தொடங்கினான். காசியோவுக்குக் குடி ஒத்துக்கொள்ளாது. அது தெரிந்தே அவனைக் குடிக்க வைத்தான். சண்டை மூட்டினான். சத்தம் கேட்டு ஒத்தெல்லோ ஓடி வந்தான். காசியோவின் பதவி பறி போயிற்று.

அழுத காசியோவுக்கு ஆறுதல் சொன்னவன் யார்? அதே இயாகோதான்! "டெஸ்டிமோனாவிடம் போய்க் கேள். அவள் இரக்கம் உள்ளவள். அவள் சொன்னால் தளபதி கேட்பார்" என்று வழி காட்டினான். அப்பாவி காசியோ நம்பிப் போனான். இரக்கம் உள்ள டெஸ்டிமோனாவும் அவனுக்காகக் கணவனிடம் பேச ஒப்புக் கொண்டாள்.

பொறி வைத்தாயிற்று. இனி இரை விழ வேண்டியதுதான் பாக்கி.

பாதிச் சொல்

டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் காசியோ வெளியே போகிறான். தூரத்தில் ஒத்தெல்லோவும் இயாகோவும் வருகிறார்கள். அதைப் பார்த்து இயாகோ தனக்குத் தானே பேசுவது போல, இது தனக்குப் பிடிக்கவில்லை என்று முணுமுணுக்கிறான்.

என்ன என்று கேட்கிறான் ஒத்தெல்லோ. ஒன்றும் இல்லை என்கிறான் இயாகோ.

இந்த "ஒன்றும் இல்லை"தான் நாடகத்தின் விஷம்!

இயாகோ எதையும் முழுதாகச் சொல்ல மாட்டான். பாதிச் சொல்லை விடுவான். மீதியை விழுங்குவான். கேட்டால் தயங்குவான். ஒத்தெல்லோ சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லிப் பெருமூச்சு விடுவான். அந்த மீதிப் பாதியை ஒத்தெல்லோவே கற்பனை செய்து கொள்கிறான். பிறர் சொன்ன பொய்யை நாம் சோதித்துப் பார்ப்போம். நாமே கற்பனை செய்த பொய்யைச் சோதிப்பது இல்லை.

நம் ஊர்த் திண்ணைகளிலும் இந்த வித்தை நடப்பது உண்டு. "நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு எதுக்கு வம்பு? நீங்களே பார்த்துக்கிடுங்க" என்று ஒருவர் சொன்னால், அன்று இரவு கேட்டவருக்குத் தூக்கம் இருக்குமா?

பிறகு இயாகோ, முடிந்து வைத்திருந்த சொல்லை எடுத்து விடுகிறான். அவள் தந்தையையே ஏமாற்றியவள் அல்லவா என்று நினைவூட்டுகிறான். வெனிஸ் பெண்களின் குணம் அந்நியனான உனக்குத் தெரியாது என்கிறான். தன் நாட்டவனை, தன் நிறத்தவனை விட்டு அவள் வேறு ஒருவனை மணந்ததே இயற்கைக்கு மாறு அல்லவா என்று குத்துகிறான்.

ஒத்தெல்லோ மாவீரன். ஆனால் அந்த ஊரில் அவன் தனியன். நிறத்தால் தனியன். வயதாலும் மூத்தவன். அவனுக்குள் ஒரு மூலையில், "இவ்வளவு நல்ல பெண் எனக்கா?" என்ற அச்சம் இருந்தது. இயாகோ புதிதாக எதையும் கொண்டு வரவில்லை. அந்த மூலையில் இருந்த அச்சத்தைத்தான் விசிறி விட்டான்.

கைக்குட்டை போன வழி

ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த முதல் பரிசு ஒரு கைக்குட்டை. பூவேலை செய்தது. அவன் தாய் வைத்திருந்தது. டெஸ்டிமோனா அதைக் கண்ணைப் போலக் காத்து வந்தாள்.

சந்தேகம் புகுந்த அன்று ஒத்தெல்லோ தலை வலிக்கிறது என்றான். பாவம், அவள் அந்தக் கைக்குட்டையால் அவன் தலையைக் கட்டப் போனாள். அது சிறியது, போதாது என்று அவன் தள்ளிவிட்டான். அது கீழே விழுந்தது. இருவரும் கவனிக்காமல் போய்விட்டார்கள்.

பிறகு எந்தக் கைக்குட்டையைக் காணோம் என்று அவன் மனைவியைக் கொன்றானோ, அதைக் கீழே தள்ளியது அவன் கையேதான்!

அதை எடுத்தவள் எமீலியா. டெஸ்டிமோனாவின் தோழி. இயாகோவின் மனைவி. கணவன் பல நாளாகக் கேட்டதால் அதை அவனிடம் கொடுத்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. இயாகோ அதைக் காசியோவின் அறையில் போட்டான். அப்புறம் ஒத்தெல்லோவிடம் போய், காசியோ அதில் தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்றான்.

கேள்வி கேட்ட விதம்

"ஒத்தெல்லோ கேட்கவே இல்லையா?" என்று வாசகர்கள் நினைக்கலாம். கேட்டான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கைக்குட்டை எங்கே என்று கேட்டான். கண் சிவக்கக் கேட்டான். ஒரு மந்திரக்காரி கொடுத்த துணி, தொலைந்தால் குடும்பம் அழியும் என்று பயமுறுத்திக் கேட்டான். டெஸ்டிமோனா நடுங்கினாள். தொலையவில்லை என்று சொல்லி விட்டாள். அவள் வாழ்க்கையிலே அச்சத்தால் சொன்ன சிறு பொய் அது. அது சந்தேகத்துக்கு எண்ணெய் ஆயிற்று.

அதோடு, பேச்சை மாற்ற நினைத்து அவள் காசியோவுக்காகப் பரிந்து பேசினாள். அவன் கைக்குட்டை, கைக்குட்டை என்கிறான். அவள் காசியோ, காசியோ என்கிறாள். அவன் மனத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பார்ப்பவர்களுக்கோ, எழுந்து மேடைக்கு ஓடிப் போய் உண்மையைக் கத்திச் சொல்லலாமா என்று இருக்கும்!

இன்னொரு காட்சியில் அவளைக் கெட்டவள் என்று வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். நான் யாரிடம் தவறினேன், எப்படித் தவறினேன் என்று அவள் கேட்கிறாள். அவன் பெயரைச் சொல்லவில்லை! "காசியோ" என்ற மூன்று எழுத்துச் சொல்லை அன்று அவன் சொல்லியிருந்தால், அவள் எல்லாவற்றையும் விளக்கி இருப்பாள். அவன் ஏசினான், ஆனால் கேட்கவில்லை. ஏசுவது வேறு, கேட்பது வேறு.

எமீலியாவும் ஒரு தவறு செய்தாள். கைக்குட்டை எங்கே போயிற்று என்று டெஸ்டிமோனா கேட்டபோது, தெரியாது என்று சொல்லி விட்டாள். கணவனுக்குப் பயந்து காத்த மௌனம் அது. கடைசியில் அவள் உயிருக்கே வினையாக வந்தது.

அந்தக் கொடிய இரவு

படுக்கை அறை. விளக்கு எரிகிறது. டெஸ்டிமோனா உறங்குகிறாள். ஒத்தெல்லோ வருகிறான். முத்தம் இடுகிறான். அழுகிறான். எழுப்பி, பிரார்த்தனை செய்து கொள் என்கிறான்.

இப்போதுதான், முதல் முறையாக, அந்தப் பெயரைச் சொல்கிறான். கைக்குட்டையைக் காசியோவுக்குக் கொடுத்தாய் என்கிறான். அவள் பதறுகிறாள். கொடுக்கவே இல்லை, காசியோவை அழைத்துக் கேளுங்கள் என்று மன்றாடுகிறாள். அவன் பேச மாட்டான், இயாகோ பார்த்துக் கொண்டான் என்கிறான் ஒத்தெல்லோ. காசியோ இறந்து விட்டான் என்று அவன் நம்புகிறான். ஆனால் காசியோ காலில் வெட்டுப்பட்டு உயிரோடு இருக்கிறான்! இயாகோ தன் கைக்கருவியாக வைத்திருந்த ராடரிகோ என்பவன்தான் அந்த இரவில் செத்துக் கிடக்கிறான்.

ஒரு நாள் பொறுங்கள் என்று டெஸ்டிமோனா கெஞ்சுகிறாள். அரை மணி நேரமாவது பொறுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவன் பொறுக்கவில்லை. மூச்சை அடக்கிக் கொன்று விடுகிறான்.

அடுத்த கணமே கதவு தட்டப்படுகிறது. எமீலியா! உண்மை தெரிந்ததும் அவள் பயத்தை உதறுகிறாள். கணவன் வாளை உருவிக் கொண்டு வாயை மூடு என்கிறான். அவள் மூடவில்லை. கைக்குட்டையைத் தானே எடுத்ததையும் கணவனிடம் கொடுத்ததையும் உரக்கச் சொல்கிறாள். இயாகோ அவளைக் குத்திவிட்டு ஓடுகிறான். பிடிபடுகிறான்.

ஒத்தெல்லோ தான் செய்ததை அறிந்தான். தன்னையே குத்திக் கொண்டு மனைவியின் உடல் மேல் விழுந்தான்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று இயாகோவைக் கேட்கிறார்கள். இனி ஒரு சொல்லும் பேச மாட்டேன் என்கிறான். பேசிப் பேசியே நான்கு உயிரைக் கொன்றவன், பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக் கொண்டான்!

இரண்டே நாள்!

இந்த நாடகம் 1604-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி லண்டன் அரண்மனையில் நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது. நானூறு ஆண்டுகள் கடந்தும் உலகம் முழுவதும் நடக்கிறது. ஆனாலும் இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமரிசகர் 1693-இல் இதைக் கேலி செய்தார். ஒரு கைக்குட்டைக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பது அவர் கேள்வி.

வேறு ஒரு கேள்வியும் உண்டு. ஒத்தெல்லோவும் காசியோவும் டெஸ்டிமோனாவும் வேறு வேறு கப்பல்களில் சைப்ரஸ் வந்தார்கள். வந்த இரவே காசியோ பதவி இழந்தான். மறுநாள் சந்தேகம் மூட்டப்பட்டது. மேடையில் காட்சி நகர்வதைப் பார்த்தால், அந்த இரவே கொலை. டெஸ்டிமோனா தவறு செய்ய நேரம் எங்கே இருந்தது? கணக்குப் போட்டுப் பார்த்தால் இயாகோவின் கதை ஒரு நிமிஷம் நிற்காது!

இது ஷேக்ஸ்பியரின் பிழை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் நாடகத்தைப் பார்க்கும்போது யாருக்கும் இந்தக் கணக்குத் தோன்றுவது இல்லை. ஒத்தெல்லோவுக்கும் தோன்றவில்லை. சந்தேகத்துக்கு நாள்காட்டி கிடையாது. விரல் விட்டு எண்ணக் கூட அது நேரம் கொடுக்காது. அந்த வேகத்தை மேடையில் காட்டியதுதான் இந்த நாடகத்தின் பெரிய வெற்றி.

குற்றாலத்துச் சிங்கன்

இனி குற்றாலத்துக்கு வருவோம்.

குற்றாலக் குறவஞ்சி 18-ஆம் நூற்றாண்டு நாடகம். இது சோக நாடகம் அல்ல. பாட்டும் ஆட்டமும் நிறைந்த இன்ப நாடகம். இதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலம் "குறவஞ்சி மேடு" என்று பெயர் பெற்றது. தென்காசிக்காரரான ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தமிழ்க் கவிதையின் சுவையை ஊர் ஊராக எடுத்துச் சொன்னவர். குறவஞ்சியின் பெருமையையும் அவர் பரப்பினார். 1944-இல் ருக்மிணி தேவி சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் இதை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.

கதை இதுதான். குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்து விளையாடிக் கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். மலையில் இருந்து வந்த சிங்கி அவள் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். நல்ல குறி! வசந்தவல்லி மகிழ்ந்து பரிசுகள் தருகிறாள்.

சிங்கியின் கணவன் சிங்கன். பறவை பிடிப்பவன். கண்ணி வைக்க வந்த இடத்தில் அவனுக்கு மனைவி நினைவு வந்துவிடுகிறது. அவளைக் காணோம்! சொல்லாமல் போய்விட்டாள். வலையை மறக்கிறான். பறவையை மறக்கிறான். ஊர் ஊராகத் தேடுகிறான். கூட வந்த நூவன் கேலி பேசுகிறான். ஆனால் கோள் மூட்டவில்லை. சிங்கனுக்கு வாய்த்தவன் நூவன். ஒத்தெல்லோவுக்கு வாய்த்தவன் இயாகோ!

கடைசியில் சிங்கன் சிங்கியைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் பழைய சிங்கியா அவள்? உடம்பெல்லாம் நகை. அவன் வாங்கிக் கொடுக்காத நகை!

ஒத்தெல்லோவுக்குக் காணாமல் போனது ஒரு கைக்குட்டைதான். சிங்கனுக்கோ, மனைவியே பல நாள் காணாமல் போய், கால் முதல் நகை பூட்டிக் கொண்டு வந்து நிற்கிறாள். சந்தேகப்படுவது என்றால் யாருக்குக் காரணம் அதிகம்?

"பயப்படாமல் சொல்!"

சிங்கன் என்ன செய்தான்? கேட்டான்.

இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் எங்கே போனாய் என்று கேட்டான். குறி சொல்லப் போனேன் என்றாள். அவனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உன்னைப் பார்த்தால் என்னவோ அதிசயமாக இருக்கிறது, சொல்லப் பயமாகவும் இருக்கிறது என்கிறான்.

இந்த இடத்தில் சிங்கி சொல்லும் பதில்தான் நாடகத்தின் மாணிக்கம். யாருக்கும் பயப்பட வேண்டாம், மனத்தில் தோன்றியதை அஞ்சாமல் சொல் என்கிறாள்!

அவ்வளவுதான். சிங்கனின் வாய் திறந்து கொள்கிறது. காலிலே பெரிய விரியன் பாம்பு கிடக்கிறதே, அது என்ன என்கிறான். பாம்பு அல்ல, சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். நாங்கூழ்ப் புழு போல நெளிகிறதே என்கிறான். பாண்டியன் மகள் கொடுத்த பாடகம் என்கிறாள். செத்த தவளையைக் காலில் கட்டி இருக்கிறாயே என்கிறான். குற்றாலர் சன்னிதிப் பெண்கள் அணிவித்த மணிக் கெச்சம் என்கிறாள். சுண்டு விரலில் பூச்சி சுருண்டு கிடக்கிறதே என்கிறான். கண்டி நாட்டில் பெற்ற காலாழி என்கிறாள்.

கேள்வி ஒன்று, பதில் ஒன்று. பாம்பு சிலம்பு ஆகிறது. புழு பாடகம் ஆகிறது. பூச்சி காலாழி ஆகிறது. சந்தேகக் கண்ணுக்கு எல்லாம் பாம்பாகவே தெரியும். கேட்டுத் தெரிந்து கொண்டால், பாம்பு நகையாகி விடும். கவிராயர் இதை உபதேசமாகச் சொல்லவில்லை. சிரிக்க வைத்துச் சொல்லி விட்டார்.

ஒத்தெல்லோவின் வீட்டில் பேச்சு நின்றது. கேட்பவன் கண்ணை உருட்டினான். பதில் சொல்பவள் பயந்தாள். சிங்கன் வீட்டில் கேட்பவன்தான் பயந்தான். பதில் சொல்பவள் தைரியம் கொடுத்தாள். இரண்டு குடும்பங்களின் தலையெழுத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலே இருக்கிறது.

நம் இலக்கியத்து இயாகோக்கள்

பாதிச் சொல்லால் குடி கெடுப்பவர்கள் நம் இலக்கியத்திலும் இருக்கிறார்கள். இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டு முதலில் மகிழ்ந்தவள்தான் கைகேயி. கூனி பேசிப் பேசி அவள் மனத்தைத் திருப்பினாள். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் ஒரு சிலம்பைக் காட்டிக் கோவலனைக் கள்வன் ஆக்கினான். பாண்டியன் கோவலனை அழைத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்ணகி வந்து தன் சிலம்பை உடைத்துக் காட்டிய போது உண்மை தெரிந்தது. ஆனால் கோவலன் உயிர் போய்விட்டது.

அங்கே சிலம்பு, இங்கே கைக்குட்டை. பொருள் வேறு, பாடம் ஒன்று. ஒரு பொருள் தானாகச் சாட்சி சொல்லாது. அதைக் காட்டுகிறவன் சொல்லைத்தான் அது சொல்லும்.

மேடையிலும் திரையிலும்

ஒத்தெல்லோ நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. 1848-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில், ஆங்கிலேயர் நடத்திய நாடகக் கொட்டகையில், வைஷ்ணவ சரண் ஆட்டி என்ற வங்காளி ஒத்தெல்லோவாக நடித்தார். வெள்ளைக்காரர்கள் முகத்தில் மை பூசி நடித்து வந்த காலம் அது. அமெரிக்காவில் பால் ராப்சன் என்ற கறுப்பு இன நடிகர் 1943-இல் ஒத்தெல்லோவாக நடித்தார். நியூயார்க்கில் அந்த நாடகம் 296 முறை நடந்தது.

நெல்லைச் சீமையில் பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அ. மாதவையா, இந்த நாடகத்தைத் தழுவித் தமிழில் "உதயலன்" எழுதினார். 1963-இல் வெளிவந்த "இரத்தத் திலகம்" படத்தில் ஒத்தெல்லோவின் ஒரு காட்சி வருகிறது. சிவாஜி கணேசன் ஒத்தெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா.

தென்காசியில் இருந்து செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே கதாப்பிரசங்கக் கலைஞர் வி. சாம்பசிவன், எழுத்தறியாத மக்களும் கேட்டு உருகும்படி ஒத்தெல்லோ கதையைச் சொன்னார். 1997-இல் ஜெயராஜ் எடுத்த "களியாட்டம்" படத்தில் ஒத்தெல்லோ தெய்யம் ஆடுபவனாக வந்தான். 2006-இல் வெளியான "ஓம்காரா" என்ற இந்திப் படத்தில் கைக்குட்டைக்குப் பதில் ஒட்டியாணம் வந்தது. நாடு மாறலாம், நகை மாறலாம். சந்தேகம் மாறுவது இல்லை.

பொங்குமாக்கடல்

குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மலை உச்சியில் இருந்து வரும் தண்ணீர் நேராக மனிதர் தலையில் விழுவது இல்லை. நடுவழியில் பாறையிலே ஓர் ஆழமான பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் பொங்குமாக்கடல். தண்ணீர் முதலில் அதிலே விழுகிறது. பொங்குகிறது. சுழல்கிறது. வேகம் தணிகிறது. அதற்குப் பிறகுதான் கீழே வருகிறது. அதனால்தான் குழந்தைகளும் முதியவர்களும் அதன் அடியில் நின்று குளிக்க முடிகிறது. வெள்ளம் பெருகி அந்தப் பள்ளத்துக்கும் அடங்காத நாளில் குளிக்கத் தடை போட்டு விடுகிறார்கள்.

கோபமும் அப்படித்தான். மனத்தில் எழுவதை யாராலும் தடுக்க முடியாது. ஒத்தெல்லோவுக்கும் எழுந்தது. சிங்கனுக்கும் எழுந்தது. சிங்கனின் கலக்கம் பொங்கித் தணிய, நடுவில் ஒரு பேச்சு இருந்தது. ஒத்தெல்லோவின் கோபம் உச்சியில் இருந்து நேராக டெஸ்டிமோனாவின் தலையில் விழுந்தது. அவள் கேட்டது அரை மணி நேரந்தான். அந்த அரை மணி நேரம் கிடைத்திருந்தால், கதவைத் தட்டிய எமீலியா உள்ளே வந்து உண்மையைச் சொல்லி இருப்பாள்.

எந்த வீட்டுக்கும் ஒரு நாள் ஓர் இயாகோ வரலாம். பாதிச் சொல்லை வாசலில் போட்டுவிட்டுப் போகலாம். அன்று இரவு விளக்கை அணைக்கும் முன்னால், கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் அருகில் உட்கார வைத்து, மனத்தில் இருப்பதை அப்படியே கேட்டுவிட வேண்டும். கேட்கப்படுகிறவரோ, சிங்கியைப் போல, "பயப்படாமல் சொல்லு" என்று சொல்ல வேண்டும்.